அறிவுக்கு அவை அமைத்த வள்ளல்

வேதியியல் பாடநூலைப் பயின்ற மாணவர் எவரும் சால்வே முறை என்னும் தொடரை அறிவர். உப்பும் சுண்ணாம்புக்கல்லும் கொண்டு சலவைச் சோடா செய்யும் முறை அது. தேர்வுக்காக அதன் படிநிலைகளை மனனம் செய்து, கோபுரத்தின் படத்தையும் வரைந்து காட்டிவிட்டு, பின்னர் அதனை மறந்துவிடுவது வழக்கம். இயற்பியல் பயில்வோர் அதே பெயரை வேறோர் இடத்தில் காண்பர். அணு உலகின் இயல்பைக் குறித்து ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போரும் எதிரெதிர் நின்று வாதிட்ட புகழ்பெற்ற பேரவைக்குச் சால்வே மாநாடு என்று பெயர். சோடாவுக்கும் அணுவுக்கும் பொதுவாய் நிற்கும் இப்பெயர் ஒரே மனிதருடையது. அவர் பெல்ஜிய நாட்டு வேதியியலாளரும் தொழில் மேதையுமான எர்னஸ்ட் சால்வே ஆவார்.

அவர் பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவராக மிதித்தவர் அல்லர். ஆயினும் அவர் காலத்துப் பேரறிஞர் அனைவரையும் ஒரே மேசையைச் சுற்றி அமர வைத்தார். தாமும் ஓர் அறிவியல் கொள்கையைக் கண்டவர் என்று அவர் நம்பினார். அக்கொள்கையை அவ்வறிஞர் எவரும் ஏற்கவில்லை. அதன் பின்னரும் அவர் தம் கையைச் சுருக்கிக்கொள்ளவில்லை என்பதே அவருடைய வாழ்வின் பெருமை. பொருள் கொடுப்பவர் அறிவின் போக்கையும் தாமே வகுக்கலாமா என்னும் வினாவுக்கு அவருடைய வாழ்வு மெல்ல மெல்ல ஒரு விடையைத் தேடிக் கண்டது.

நோயும் கல்வியும்

பிரசெல்ஸ் நகருக்குத் தெற்கே ரெபெக் என்னும் சிற்றூரில் 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் எர்னஸ்ட் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் சால்வே கற்சுரங்கத் தொழிலிலும் உப்பைத் தூய்மை செய்யும் தொழிலிலும் ஈடுபட்டிருந்தவர். பிற்காலத்தில் மகனின் பெருஞ்செல்வத்திற்கு மூலப்பொருள்களாய் அமைந்த கல்லும் உப்பும் அவருடைய இளமையிலேயே வீட்டுப் பொருள்களாய் இருந்தன.

சிறுவர் எர்னஸ்ட் படிப்பில் நாட்டமுடையவர். இயற்பியல், வேதியியல் நூல்களை விரும்பிக் கற்றார்; வீட்டிலேயே சிறு ஆய்வுகள் செய்து பார்த்தார். பொறியியல் பயிலப் பல்கலைக்கழகம் செல்ல வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் அழற்சி நோய் அவரைப் பற்றியது. நெடுநாள் படுக்கையில் கிடந்து எழுந்தபோது, உயர்கல்விக்குரிய வாய்ப்பு கைநழுவிப் போயிருந்தது. அந்தக் குறையை அவர் இறுதிவரை மறக்கவில்லை. பின்னாளில் செல்வம் பெருகியபோது, பிறர் மாளிகை கட்டும் பொருளில் அவர் ஆய்வுக்கூடங்கள் கட்டினார் என்றால், அதற்குரிய வித்து இந்நோய்ப் படுக்கையில் விழுந்தது எனலாம்.

வாயுக் கூடத்தில் ஒரு கண்டுபிடிப்பு

இருபத்தொரு வயதளவில் எர்னஸ்ட் தம் மாமா புளோரிமோன் செமே நடத்திய வாயுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிரசெல்ஸை அடுத்த ஸ்கார்பேக் என்னும் இடத்தில் அது இருந்தது. நிலக்கரியைச் சூடாக்கித் தெருவிளக்குகளுக்குரிய எரிவாயு எடுக்கும் காலம் அது. அவ்வாறு எடுக்கும்போது அம்மோனியா கலந்த கழிவுநீர் மிகுதியாய்த் தங்கும். அந்நீரைச் செறிவாக்கி எளிதில் விற்பதற்கு வழி காணுதல் இளைஞருக்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று.

அம்மோனியா நீரோடு உப்புக் கரைசலையும் கரியமில வாயுவையும் சேர்த்துப் பார்த்தபோது வெண்ணிறப் பொடி ஒன்று அடியில் படிந்தது. அது சோடியம் பைகார்பனேட். அதனைச் சூடாக்கினால் சலவைச் சோடா கிடைக்கும். எளிதில் கிடைக்கும் உப்பிலிருந்து நேரே சோடா கிடைத்ததைக் கண்ட எர்னஸ்ட், இதனைத் தாமே முதலில் கண்டதாக எண்ணி மகிழ்ந்தார். 1861ஆம் ஆண்டு ஏப்ரலில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஆனால் அவ்வினை புதிதன்று. ஒளியியல் ஆய்வால் புகழ்பெற்ற பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் 1811ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்டிருந்தார். இங்கிலாந்தில் 1838இல் டயர், ஹெமிங் என்னும் இருவர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். பாரிசுக்கு அருகே பியூட்டோ என்னுமிடத்தில் ஷ்லோசிங், ரோலாந் என்போர் ஆலையே அமைத்து நடத்திப் பார்த்து, ஆதாயம் காணாமல் கைவிட்டிருந்தனர். முறையாகக் கல்லூரியில் பயின்ற ஒருவர் இச்செய்திகளை முன்னரே அறிந்திருக்கக்கூடும். அறிந்திருந்தால் வல்லுநர் பலர் தோற்ற வழியில் தாம் இறங்க வேண்டாம் என்று விலகியுமிருக்கலாம். அறியாமை சில வேளைகளில் துணிவுக்குத் துணையாகிறது. உண்மை தெரிந்தபோது எர்னஸ்ட் பின்வாங்கும் எல்லையைக் கடந்திருந்தார்.

சோடாவும் அதன் தேவையும்

அந்நாளில் சோடாவுக்கு இருந்த தேவையை இன்று நினைத்துப் பார்ப்பது எளிதன்று. கண்ணாடி, சவர்க்காரம், துணி வெளுப்பு, காகிதம் ஆகிய தொழில்கள் எல்லாம் அதனை நம்பி இருந்தன. பண்டைக்காலத்தில் கடலோரச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து ஐரோப்பியர் அதனை எடுத்தனர். நம் நாட்டில் துணி வெளுப்போர் உவர்மண்ணைப் பயன்படுத்தினர். தொழிற்புரட்சியின் பசிக்குச் சாம்பல் போதவில்லை. பிரெஞ்சு மருத்துவர் நிக்கொலா லெப்லாங் 1791இல் உப்பையும் கந்தக அமிலத்தையும் கொண்டு சோடா செய்யும் வழியைக் கண்டார். அவருடைய ஆலையைப் புரட்சி அரசு பறித்தது. வறுமையில் உழன்ற அவர் 1806இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

லெப்லாங் முறை உலகெங்கும் பரவியது. ஆனால் அது கொடிய முறை. ஆலைப் புகைபோக்கிகளிலிருந்து வெளிவந்த ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி சுற்றுப்புற மரங்களைக் கருக்கியது. நாற்றம் வீசும் சல்பைடுக் கழிவு மலையாய்க் குவிந்தது. அந்த ஆவியைக் கட்டுப்படுத்தவென்றே இங்கிலாந்து 1863இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அம்மோனியா முறையில் அமிலமும் இல்லை, சல்பைடுக் கழிவும் இல்லை. இதனை அறிந்தோர் பலர். நடத்திக் காட்டியோர் எவருமிலர். வாயுவான அம்மோனியா ஒவ்வொரு சுற்றிலும் கசிந்து வீணாயிற்று. அதன் விலை சோடாவின் விலையை விழுங்கிவிட்டது. அம்மோனியாவை இழக்காமல் மீட்பதில்தான் வெற்றி தங்கியிருந்தது.

கோபுரம்

1863ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் எர்னஸ்ட்டும் தம்பி ஆல்பிரட்டும் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கினர். முதல் 1,36,000 பிராங்கு. குடும்பத்தார் தந்தது ஒரு பகுதி. இவ்விளைஞர்பால் நம்பிக்கை வைத்த வழக்கறிஞர் யூடோர் பிர்மே முதலானோர் இட்டது ஒரு பகுதி. ஷார்லெருவா நகரை அடுத்த கூயே என்னும் இடத்தில் ஆலை எழுந்தது. 1865இல் உற்பத்தி தொடங்கியது.

தொடக்க ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. குழாய்கள் அடைபட்டன; கலங்கள் உடைந்தன; வாயு கசிந்தது. இட்ட முதல் கரைந்து, ஆலையை மூடிவிடும் நிலை ஏற்பட்டது. குடும்பத்தார் எஞ்சிய பொருளையும் தந்து தாங்கினர். எர்னஸ்ட் வேதிவினைகளையும் கருவிகளையும் கவனித்தார். ஆல்பிரட் ஆலையையும் வணிகத்தையும் கவனித்தார். இவ்வாறு இருவரும் ஒருவர்க்கொருவர் தோள் கொடுத்து நின்றனர். 1894இல் ஆல்பிரட் மறையும் வரை அந்தக் கூட்டு குலையவில்லை.

எர்னஸ்ட்டின் உண்மையான கண்டுபிடிப்பு வேதிவினையன்று. அவ்வினை இடைவிடாது நடைபெறுவதற்குரிய கோபுரமே. உயர்ந்த இரும்புக் கோபுரத்தில் தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். அம்மோனியா ஏற்ற உப்புநீர் மேலிருந்து கீழே இறங்கும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டதால் எழும் கரியமில வாயு கீழிருந்து மேலே ஏறும். இரண்டும் தட்டுத்தோறும் சந்தித்து வினைபுரிய, பைகார்பனேட் படிந்துகொண்டே இருக்கும். கல்லைச் சுட்டபின் எஞ்சும் சுண்ணாம்பும் வீணாவதில்லை. கோபுரத்திலிருந்து வடியும் நீரோடு அதனைச் சேர்த்தால், அந்நீரில் சிக்கிய அம்மோனியா விடுபட்டு மீண்டும் கோபுரத்திற்குச் செல்லும். ஒரு பொருளின் எச்சம் மற்றொன்றின் தொடக்கமாகும் இவ்வமைப்பில், அம்மோனியா ஓயாது சுற்றி வந்தது. பிறர் தோற்ற இடத்தில் சால்வே வென்றது இதனால்தான்.

1872இல் மேம்பட்ட கோபுரத்திற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் லுட்விக் மாண்டும் ஜான் புரூனரும் உரிமம் பெற்று வின்னிங்டனில் ஆலை அமைத்தனர். பிரான்சில் டோம்பாலிலும், ருசியாவில் பெரெஸ்னிகியிலும் கோபுரங்கள் எழுந்தன. அமெரிக்காவில் சிரக்யூஸ் நகருக்கு அருகே ஆலையைச் சூழ்ந்து எழுந்த ஊருக்குச் சால்வே என்றே பெயர் அமைந்தது. சோடாவின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் உலகச் சோடாவின் பெரும்பகுதி சால்வே முறையில் உருவாயிற்று. கூயே ஊரின் நட்டமடைந்த ஆலைக்காரர் ஐரோப்பாவின் பெருஞ்செல்வருள் ஒருவரானார்.

மறைபொருளும் மாசும்

சால்வேயின் புகழைப் பேசுவோர் மறைக்கக் கூடாத செய்திகள் இரண்டு உண்டு. முதலாவது, அவருடைய நிறுவனம் தொழில் நுணுக்கங்களைக் கடுமையாக மறைத்துக் காத்தது. உரிமம் பெற்றோர் தங்களுக்குள் செய்திகளைப் பகிர்ந்துகொண்டனர்; வெளியார்க்குக் கதவு அடைக்கப்பட்டது. பின்னாளில் சீன வேதியியலாளர் ஹௌ டெபாங் பல்லாண்டு உழைத்து அந்நுணுக்கங்களைத் தாமே கண்டறிந்து, 1933இல் நூலாக வெளியிட்ட பின்னரே அவை உலகின் பொதுச்சொத்தாயின. இந்தியாவில் 1939இல் தொடங்கிய டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனம் குஜராத்தின் மித்தாப்பூர்க் கடற்கரையில் இம்முறையிலேயே சோடா ஆக்கியது.

இரண்டாவது, லெப்லாங் முறையை நோக்கத் தூயதாயினும் சால்வே முறையும் கழிவற்றதன்று. கால்சியம் குளோரைடு கலந்த கழிவு ஆலைதோறும் பெருகியது. சிரக்யூஸ் நகரின் ஒனண்டாகா ஏரிக்கரையில் கொட்டப்பட்ட வெண்கழிவுப் படுகைகள், 1986இல் அவ்வாலை மூடப்பட்ட பின்னரும் அகலவில்லை.

தொழிலாளர் நலனில் அவர் தம் காலத்தை முந்தி நின்றவர். எட்டு மணி நேர வேலையைப் பெல்ஜிய அரசு 1921இல்தான் பொதுச் சட்டமாக்கியது. ஊதியத்தோடு கூடிய விடுமுறையை 1936இல்தான் சட்டமாக்கியது. அச்சட்டங்கள் வருமுன்னரே சால்வே ஆலைகளில் இவ்விரண்டும் நடைமுறையில் இருந்தன. முதியோர்க்கு ஓய்வூதியமும் நோயுற்றோர்க்கு உதவியும் அங்கே கிடைத்தன. லிபரல் கட்சியின் சார்பில் பெல்ஜிய மேலவையில் இருமுறை உறுப்பினராகவும் அவர் பணியாற்றினார். பரம்பரைச் சொத்தின்மீது வரி வேண்டும் என்று பெருஞ்செல்வரான அவரே வாதிட்டது அந்நாளில் பலரை வியப்பில் ஆழ்த்தியது.

புரவலரின் கொள்கைகள்

செல்வம் சேர்ந்தபின், இளமையில் கைநழுவிய அறிவியல் ஆசை அவரிடம் மீண்டும் தலைதூக்கியது. பருப்பொருள், உயிர், சமூகம் ஆகிய மூன்றும் ஒரே வகை ஆற்றல் விதிகளால் இயங்குகின்றன என்பது அவருடைய நம்பிக்கை. அதனை மெய்ப்பிக்க அவர் ஆண்டுக்கணக்கில் எண்ணினார், எழுதினார்.

உயிரின் செயல்களுக்கு மின்சாரமே அடிப்படை என்று கருதிய அவர், பிரசெல்ஸ் நகரின் லியோபோல்டு பூங்காவில் உடலியங்கியல் நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1893இல் அதன் பொருட்டு உரையாற்றியபோது உயிர்ச்செயல்களில் மின்சாரத்தின் பங்கையே பேசுபொருளாகக் கொண்டார். பால் எஜே போன்ற தேர்ந்த அறிஞர் அங்கு அமர்ந்தனர். அவர்கள் தத்தம் வழியில் நல்லாய்வுகள் செய்தனர். ஆனால் புரவலரின் கொள்கையை நிறுவித் தருபவை அல்ல அவை.

சமூகத்துறையிலும் இவ்வாறே நேர்ந்தது. பணத்திற்கு மாற்றாகக் கணக்குப் பதிவு முறை ஒன்றை வகுக்கலாம் என்பது அவருடைய கருத்து. அதனை ஆராய 1894இல் சமூக அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கி, எக்டர் டெனி, டி கிரேப், வண்டர்வெல்டே ஆகிய பொதுவுடைமைச் சார்புடைய அறிஞரையே அதில் அமர்த்தினார். மாற்றுக் கருத்தினரிடம் தம் கொள்கையை ஒப்படைக்கும் துணிவு அவருக்கு இருந்தது. ஆயினும் கருத்து வேற்றுமை முற்றியது. அந்நிறுவனம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1902இல் எமில் வாக்ஸ்வைலர் தலைமையில் சமூகவியல் நிறுவனம் அதன் இடத்தைப் பெற்றது. மறு ஆண்டில் பிரசெல்ஸ் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பள்ளியும் எழுந்தது. பல்கலைக்கழகம் செல்லாத ஒருவரின் பெயரைப் பல்கலைக்கழகப் பள்ளி ஒன்று தாங்கி நின்றது.

நிறுவனங்கள் வளர்ந்தன, கொள்கைகள் வளரவில்லை. ஆய்வாளரை அமர்த்தலாம், ஆய்வின் முடிவை அமர்த்த முடியாது என்னும் உண்மையை அவர் இவ்வாறு சிறிது சிறிதாகக் கற்றார்.

1911: ஒரு மேசையைச் சுற்றி

1910இல் பெர்லின் நகர வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட், பெல்ஜிய அறிஞர் ராபர்ட் கோல்ட்ஷ்மிட் வாயிலாகச் சால்வேயைச் சந்தித்தார். அப்போது இயற்பியல் ஒரு நெருக்கடியில் இருந்தது. ஆற்றல் தொடர்ச்சியாகப் பாய்வதன்று, சிறு சிறு பொட்டலங்களாகவே கைமாறுகிறது என்னும் கருத்தை மாக்ஸ் பிளாங்க் 1900இல் வெளியிட்டிருந்தார். இளைஞர் ஐன்ஸ்டைன் அதனை மேலும் விரித்திருந்தார். பழைய இயற்பியலோடு இது பொருந்தவில்லை. இதனைத் தீர்க்கத் தேர்ந்த சிலரை ஓரிடத்தில் கூட்டிப் பேச வேண்டும் என்பது நெர்ன்ஸ்ட்டின் விருப்பம். இச்சிக்கலின் அருமையை உணர்ந்தோர் மிகச் சிலரே என்பதால் காலம் இன்னும் கனியவில்லை என்று பிளாங்க்கே தயங்கினார். சால்வே தயங்கவில்லை. பருப்பொருளும் ஈர்ப்பும் பற்றிய தம் கொள்கையை உயர்ந்த அறிஞர் முன் வைக்க இது தக்க வாய்ப்பு என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது.

1911ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் முதல் நவம்பர் 3ஆம் நாள் வரை பிரசெல்ஸ் நகரின் மெட்ரோபோல் ஓட்டலில் அவ்வவை கூடியது. நெதர்லாந்து அறிஞர் ஹென்ட்ரிக் லாரன்ட்ஸ் தலைமை ஏற்றார். பிளாங்க், நெர்ன்ஸ்ட், ஐன்ஸ்டைன், மேரி கியூரி, புவான்காரே, லாஞ்செவின், பெரின், ரூதர்போர்டு, சொம்மர்பெல்டு, வீன், கமர்லிங் ஓன்ஸ் முதலானோர் வந்திருந்தனர். அப்போது ஐன்ஸ்டைனுக்கு வயது 32. அழைத்த புரவலருக்கு 73.

அவையின் தொடக்கத்தில் சால்வே தம் கொள்கையை எடுத்துரைத்தார். அதனை அச்சிட்டு உறுப்பினர்க்கு வழங்கினார். அறிஞர் மரியாதையோடு கேட்டனர். பின்னர்த் தத்தம் சிக்கலுக்குத் திரும்பினர். அக்கொள்கை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. வாழ்நாள் முழுவதும் பேணி வளர்த்த எண்ணம் ஒன்று, அதனை மதிப்பிட வல்ல ஒரே அவையில், பேச்சற்றுப் போவதைக் கண்ணெதிரே காண்பது எளிதன்று.

அந்த அவையின் நினைவாக எடுத்த புகைப்படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. மேசையைச் சுற்றி அறிஞர் அமர்ந்தும் நின்றும் இருக்கின்றனர். லாரன்ட்ஸுக்கு அருகே வெண்தாடியோடு காணப்படும் சால்வேயின் தலை மட்டும் மற்றவர் தலைகளோடு அளவில் பொருந்தாமல் இருக்கும். படம் எடுத்த வேளையில் அவர் அங்கில்லை. பின்னர் அவருடைய உருவத்தை வெட்டி ஒட்டினர். அவையைக் கூட்டியவர் அவையின் படத்தில் ஒட்டுருவமாய் நிற்கின்றார். அறிஞரிடையே அவர் பெற்றிருந்த இடத்தை அப்படம் தன்னையறியாமலே காட்டிவிட்டது.

இந்நிலையில் வேறொருவராயின் மனம் கசந்து விலகியிருப்பர். சால்வே செய்தது வேறு. லாரன்ட்ஸோடு கலந்து திட்டம் வகுத்து, 1912ஆம் ஆண்டு மே முதல் நாளில் பத்து இலட்சம் பிராங்கு முதலீட்டில் பன்னாட்டு இயற்பியல் நிறுவனத்தை நிறுவினார். எப்பொருளைப் பற்றிப் பேசுவது, யாரை அழைப்பது, எவர் ஆய்வுக்கு உதவுவது என்பனவற்றை முடிவு செய்யும் உரிமையை அறிஞர் குழு ஒன்றிடமே விட்டுவிட்டார். லாரன்ட்ஸ் தலைமையில் அமைந்த அக்குழுவில் மேரி கியூரி, ரூதர்போர்டு, நெர்ன்ஸ்ட் போன்றோர் பல நாடுகளிலிருந்தும் இடம்பெற்றனர். நிதியின் பயனில் ஒரு பகுதி பெல்ஜிய இளைஞர்க்கு. மற்றது எந்நாட்டு ஆய்வாளர்க்கும் உரியது. தம் கொள்கையை ஆராய வேண்டும் என்னும் கட்டளை அதில் இடம்பெறவில்லை. 1913இல் வேதியியலுக்கும் இத்தகைய நிறுவனத்தை அமைத்தார்.

பழந்தமிழ்ப் புரவலர் பரிசில் நல்கிப் பாடல் பெற்றனர். இவரோ தம்மைப் பாடாதார்க்கும் பரிசில் நல்கினார். அதற்குமேல், பாடுபொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் பாடுவோரிடமே ஒப்படைத்தார்.

விளைந்த பயன்

ஐந்து நாள் கூடிய அவ்வவை எச்சிக்கலையும் தீர்க்கவில்லை. ஆனால் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதை அனைவர்க்கும் உணர்த்திவிட்டது. புதிய கருத்தில் ஐயம் கொண்டு வந்த கணித மேதை புவான்காரே, பாரிசு திரும்பிய சில வாரங்களில், ஆற்றல் பொட்டலக் கருத்து தவிர்க்க இயலாதது என்பதைக் கணிதத்தால் காட்டினார். அடுத்த ஆண்டே மறைந்தார். இங்கிலாந்து திரும்பிய ரூதர்போர்டு அவைச் செய்திகளை ஆர்வத்தோடு விவரிக்கக் கேட்டவருள் இளைஞர் நீல்ஸ் போர் ஒருவர். அவையின் செயலாளருள் ஒருவரான மோரிஸ் டி புரோலி கொண்டுவந்த நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்த அவருடைய தம்பி லூயி, தம் வாழ்வை இத்துறைக்கே ஒப்படைக்க முடிவு செய்தார். எலெக்ட்ரானுக்கும் அலைப்பண்பு உண்டு என்று 1924இல் காட்டியவர் அந்தத் தம்பியே. சால்வேயின் கொள்கையால் விளையாதது அவருடைய மேசையால் விளைந்தது.

போரின் பிளவு

1914 ஆகஸ்டில் செருமானியப் படை பெல்ஜியத்தில் புகுந்தது. அக்டோபரில், செருமானியப் படையின் செயல்களை மறுத்தும் நியாயப்படுத்தியும் அந்நாட்டு அறிஞர் 93 பேர் அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். சால்வேயின் மேசையில் அமர்ந்திருந்த பிளாங்க், நெர்ன்ஸ்ட், வீன் ஆகியோரின் பெயர்களும் அதில் இருந்தன. அவையில் கலந்துகொண்ட ஆஸ்திரிய அறிஞர் ஹாசனோர்ல் 1915இல் போர்முனையில் மாண்டார். நெர்ன்ஸ்ட் தம் இரு மைந்தரையும் போரில் இழந்தார். எல்லை கடந்த அறிவுக் குடும்பம் என்று சால்வே கண்ட கனவு மூன்றே ஆண்டுகளில் சிதறியது.

எழுபத்தாறு வயது கடந்திருந்த அவர் அப்போது செய்தது எளிய பணி. மக்கட்குச் சோறிடும் பணி. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் உணவு வழங்கிய தேசிய உதவிக் குழுவின் தலைமைப் பொறுப்பை அவர் தாங்கினார். எமில் பிராங்கி அதன் செயற்பணியை நடத்தினார். போர் முடிந்த 1918இல் பெல்ஜிய அரசு அவருக்கு மாநில அமைச்சர் என்னும் மதிப்புப் பட்டத்தை அளித்தது.

அவருடைய ஈகையில் வேறுபட்ட ஒன்றும் உண்டு. சால்வே மலையேற்றத்தில் பேரார்வம் கொண்டவர். சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் முகட்டுப் பாதையில், 4,003 மீட்டர் உயரத்தில், அவருடைய கொடையால் 1915இல் மரக்குடில் ஒன்று எழுந்தது. புயலில் சிக்கிய மலையேறிகள் ஒதுங்குவதற்கு மட்டுமே அது உரியது.

1921இல் மூன்றாம் இயற்பியல் மாநாடு கூடியது. செருமானிய அறிஞர் எவருக்கும் அழைப்பில்லை. ஐன்ஸ்டைன் ஒருவர்க்கே விலக்கு. அவரும் அவ்வேளை அமெரிக்கா சென்றிருந்ததால் வரவில்லை. 1922ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் வேதியியல் மாநாடு நடைபெற்றது. மறு மாதம் 26ஆம் நாள், 84ஆம் வயதில், பிரசெல்ஸை ஒட்டிய இக்செல்லில் எர்னஸ்ட் சால்வே இயற்கை எய்தினார்.

புரவலர் இல்லாத அவை

பிளவை ஆற்றும் பணியை லாரன்ட்ஸ் ஏற்றார். 1926இல் அவர் பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட்டைக் கண்டு, செருமானிய அறிஞரை மீண்டும் அழைக்க இசைவு பெற்றார். 1927ஆம் ஆண்டு அக்டோபர் 24 முதல் 29 வரை ஐந்தாம் மாநாடு கூடியது. பிளாங்க் வந்தார், ஐன்ஸ்டைன் வந்தார், ஹைசன்பர்க், போர்ன் ஆகியோரும் வந்தனர். போர், ஷ்ரோடிங்கர், டிராக், பவுலி, லூயி டி புரோலி, மேரி கியூரி என்று 29 பேர் கூடினர். அவர்களுள் 17 பேர் நோபல் பரிசு பெற்றவர் அல்லது பின்னர்ப் பெற்றவர். இயற்கையின் அடித்தளத்தில் உறுதி உண்டா, நிகழ்தகவு மட்டுமே உண்டா என்று ஐன்ஸ்டைனும் போரும் தொடங்கிய வாதம் அறிவியல் வரலாற்றின் பெருவிவாதங்களுள் ஒன்றாயிற்று. தலைமை ஏற்ற லாரன்ட்ஸ் நான்கு திங்களில் மறைந்தார்.

அந்த 29 பேரும் சேர்ந்து நிற்கும் படம் எடுக்கப்பட்ட இடம், லியோபோல்டு பூங்காவின் உடலியங்கியல் நிறுவனம். உயிரின் மூலம் மின்சாரமே என்னும் தம் கொள்கைக்காகச் சால்வே எழுப்பிய அதே கட்டடம் அது. கட்டியவரின் கொள்கையை அங்கு நினைத்தவர் எவருமிலர். அவர் கட்டிய மண்டபத்தில் அவர் கனவிலும் காணாத ஓர் உலகம் பேசப்பட்டது. நூறாண்டு கடந்தும் அவர் பெயரால் அவ்வவைகள் கூடி வருகின்றன.

சால்வே தம் முறையை இரும்புக் கதவுக்குள் காத்தார். அது கதவைத் தாண்டி உலகெங்கும் பரவியது. தம் கொள்கையை அனைவர்க்கும் வழங்கினார். அதனை எவரும் பெற்றுக்கொள்ளவில்லை. தம் பொருளை மட்டும் கட்டளையின்றிக் கொடுத்தார். அதுவே அவர் பெயரை நிலைநிறுத்தியது. அறிவுக்கு ஈவோர் அறிவின் விடையை முன்கூட்டியே கேட்கக் கூடாது என்பதை ரெபெக் ஊரின் நோயாளிச் சிறுவர் கற்றுத் தேர எழுபது ஆண்டுகள் சென்றன. தேர்ந்தபின் அவர் அதனினின்று வழுவவில்லை. பிற்கால வள்ளல்களுக்கு அவர் விட்டுச் சென்ற செல்வங்களுள் சிறந்தது அதுவே.